அரியலூரில் உறங்கும் நாட்டிலஸ்

கன்னியாகுமரிக் கடற்கரையில் சங்கையும் சோழியையும் கையிலெடுத்துப் பார்க்காத தோழியர் நம்மில் யாருமில்லை. ஆனால் நான் கூற வந்த ஓட்டைக் காணக் கடலை விட்டு உள்நாட்டிற்கு, அரியலூருக்குச் செல்ல வேண்டும்!

ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகள் கடலுக்கு அடியில் இருந்தன. அக்கடலில் வாழ்ந்த நாட்டிலஸ்களின் ஓடுகள் இன்று கல்லாகக் கிடைக்கின்றன. நாட்டிலஸ் நம் கடற்கரையில் விற்கும் கணவாய்க்கு உறவினன். கணவாய் தன் ஓட்டை உடலுக்குள் மறைத்துக்கொண்டது. நாட்டிலஸோ ஓட்டுக்குள் குடியிருக்கிறது. வளர வளர, பின்னால் ஒரு சுவர் எழுப்பி, முன்னறைக்குக் குடிபெயரும். மூடிய அறைகளின் வழியே ஒரு குழல் செல்லும். அது நீரை உறிஞ்சி எடுக்க, அவ்விடத்தில் காற்று நிறைய, உயிர் மூழ்காமல் மிதக்கும். கப்பல் கட்டும் பொறியாளர் கற்க வேண்டிய வித்தை!

இன்றைய நாட்டிலஸின் ஓடு வழவழப்பானது. அரியலூர்ப் பாறைகளில் கிடைக்கும் ஓர் இனத்திலோ, பனையோலை விசிறியின் மடிப்புகளைப் போல ஓடு முழுவதும் மேடு பள்ளங்கள். இதன் பெயர் சைமட்டோசெராஸ். கிரேக்க மொழியில் 'அலைக் கொம்பு' என்று பொருள்படும். இதன் குடும்பமான சைமட்டோசெராட்டிடே முற்றிலும் அழிந்துவிட்டது.

இவற்றை 1861-இல் விரிவாக எழுதி, படங்களுடன் வெளியிட்டவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. ஓர் இனத்திற்கு, 1840-களில் இப்பகுதியில் படிவங்களைச் சேகரித்த கே என்பவரின் பெயரைச் சூட்டினார். (பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானவரும் இதே பிளான்ஃபோர்டுதான். கல்லிலிருந்து மேகத்திற்குத் தாவியவர்!)

6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களுடன் அம்மோனைட்டுகளும் மாண்டன. அவையும் இதே கடலில் வாழ்ந்த சுருள் ஓட்டு உயிர்கள்தாம். நாட்டிலஸ் மட்டும் எப்படித் தப்பியது? அம்மோனைட்டின் குஞ்சுகள் மிகச் சிறியவை. கடலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்களைத் தின்று வளர்ந்தவை. அவ்வுணவு அற்றுப்போனதும் அவையும் அழிந்தன என்கின்றனர் அறிஞர். நாட்டிலஸ் இடும் முட்டைகளோ சில, ஆனால் பெரியவை. ஏறத்தாழ ஓராண்டு கழித்தே, உருவில் தாயைப் போன்ற குஞ்சு வெளிவரும். அலைக்கொம்புக் குடும்பமும் அன்று தப்பிப் பிழைத்து, நெடுங்காலம் கழித்தே மறைந்தது.

நம் மாவட்டத்துப் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெப்பத்தால் வெந்து உருவானவை. அவற்றில் இப்படிவங்களைத் தேடிப் பயனில்லை. அரியலூரில்தான் உண்டு. ஆனால் இவற்றைத் தாங்கும் சுண்ணாம்புக்கல்லே சிமெண்டுக்கும் மூலப்பொருள். சுரங்கம் தோண்டியதால்தான் பல படிவங்கள் வெளிப்பட்டன. எவர் கண்ணிலும் படாதவை அரவை ஆலைக்குள் சென்றுவிடுகின்றன. பிழைத்தவற்றுள் சில வாரணவாசி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.