எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பாய்?

மதுரையில் ஃபிளெக்ஸ் பேனர் கட்டுகிறவர்கள் அதில் அங்கங்கே அரைவட்டமாகக் கீறிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிக் காற்றுக்கு வழிவிடாவிட்டால் ஆடி மாதத்தில் பேனரோடு சவுக்குக் கம்பும் சாய்ந்துவிடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகிறது. வேகம் ஐந்து மடங்கானால் அழுத்தம் இருபத்தைந்து மடங்கு! பாய்மரப் படகுக்காரருக்கும் இதே கணக்குதான். ஆனால் அவர் பாயைக் கீற முடியாது, சுருக்கத்தான் வேண்டும்.

நம் ஊர்த் தெப்பக்குளத்தில் தைப்பூசத்தன்று தெப்பம் நகர்வது வடம் பிடிப்பதால். கடலில் அந்த வேலையைக் காற்று செய்கிறது. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்தின் தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, காற்றை மட்டும் நம்பி உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார்கள். கடற்படையின் ‘தாரிணி’ படகில் அவர்கள் இருவர் மட்டுமே. இப்படி ஆள் குறைந்த படகில் ஒருவர் உறங்கும்போது காற்று ஏறினால், மற்றவர் தனியாளாகப் பெரிய பாயைச் சுருக்கியாக வேண்டும்.

அதற்கு மூன்று ஏற்பாடுகள் உண்டு. பாயைப் பாய்மரத்துக்குள்ளேயே சுருட்டிக்கொள்வது ஒன்று. கயிற்றை இழுத்தால் போதும், இடத்தை விட்டு எழ வேண்டாம். ஆனால் பாய் விமானத்தின் இறக்கை போல வளைந்து நின்றால்தான் நன்றாக இழுக்கும். அதன் பின்விளிம்பு வெளிப்புறம் புடைத்து நிற்கக் குறுக்கே சட்டங்கள் செருகுவார்கள். மரத்துக்குள் சுருள வேண்டிய பாயில் அந்தச் சட்டங்கள் வைக்க முடியாது. விளிம்பை உள்வாங்கித் தைப்பார்கள், பரப்பு குறையும். சுருண்ட பாயின் எடையும் உச்சியிலேயே தங்குவதால் படகு அதிகம் சாயும். பாதியில் சிக்கிக்கொண்டால் ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது.

இரண்டாவது, பாயின் கீழ்விளிம்பைப் பிடித்திருக்கும் அடிக்கழிக்குள் சுருட்டுவது. இதில் சட்டம் வைக்கலாம், எடையும் கீழே இருக்கும். விலைதான் அதிகம், கழி சரியான கோணத்தில் நிற்காவிட்டால் பாய் சுருக்கம் விழுந்து மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, மடித்துக் கட்டுவது. பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் கயிற்றைத் தளர்த்திப் பாயைக் கொஞ்சம் இறக்கி, முன்பக்கத்து வளையத்தைக் கொக்கியில் மாட்டி, பின்பக்கத்துக் கயிற்றை இறுக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். இருபுறமும் வலைபோல் கயிறு கட்டியிருந்தால் இறங்கும் பாய் தளத்தில் சரியாது. பழுதாக அதிகம் எதுவும் இல்லை; அறுந்தாலும் கயிறுதானே, மாற்றிக்கொள்ளலாம்.

சுருக்கினால் வேகம் போய்விடும் என்று பலர் தயங்குகிறார்கள். பலத்த காற்றில் பெரிய பாய் படகின் பின்புறத்தைத் தள்ள, முகப்பு காற்றை நோக்கித் திரும்பும். அதைச் சுக்கான் எதிர்த்துப் பிடித்தபடியே இருப்பதால் தண்ணீரில் இழுவை கூடி வேகம் குறையும். பாயைச் சுருக்கியதும் படகு நிமிர்ந்து முன்னைவிட விரைவாகப் போவதும் உண்டு.

எட்டு, பத்து மீட்டர்ப் படகுக்கு என் தேர்வு மடித்துக் கட்டும் பாய்தான். மூட்டுவலிக்காரர், கரையோரம் மட்டும் போகிறவர் மரத்துக்குள் சுருட்டுவதை எடுக்கலாம். எதை வாங்கினாலும் காற்றில்லாத நாளில் ஒருவராகவே பாயைச் சுருக்கிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் முடியாவிட்டால் கயிறுகளின் அமைப்பை மாற்றித் தரச் சொல்லுங்கள்.