குருதிப் புற்றுநோயாளிகளில் ஊடுருவும் பூஞ்சைத் தொற்று

ஊடுருவும் பூஞ்சைத் தொற்று என்பது பூஞ்சைகள் தோல், வாய் போன்ற மேற்பரப்புகளைக் கடந்து நுரையீரல், குருதி, மூளை முதலிய உள்ளுறுப்புகளைத் தாக்கும் நிலை ஆகும். நலமுள்ளவர்களில் இது அரிது. கடும் மைலாய்டு குருதிப் புற்றுநோய்க்கு வேதிச்சிகிச்சை பெறுவோரிலும், எலும்பு மச்சை மாற்றம் செய்துகொண்டோரிலும் உயிரிழப்புக்கான முக்கிய காரணங்களுள் இது ஒன்றாகும். புற்றுநோய் அடங்கிய பின்னரும் பூஞ்சையால் நோயாளி இறக்க நேரிடலாம்.

காரணம்

ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் 2 முதல் 3 மைக்ரோமீட்டர் அளவே உடையவை. எனவே மூச்சுக்காற்றுடன் நுரையீரலின் நுண்ணறைகள் வரை செல்கின்றன. அங்கு முளைக்கும் இழைகளை அழிப்பவை முதன்மையாக நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள். வேதிச்சிகிச்சையால் இவற்றின் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 500-க்கும் கீழிறங்கி, சில வாரங்கள் அவ்வாறே இருக்கக்கூடும். கேண்டிடா பூஞ்சையோ நோயாளியின் குடலிலேயே வாழ்வது. புண்பட்ட குடற்சுவர் வழியாக அது குருதியில் கலக்கிறது. மூன்றாவது வகை மியூக்கர். 2021 இல் கோவிட் தொற்றுக்குப் பின் 'கருப்புப் பூஞ்சை' என்று அறியப்பட்டது இதுவே.

சிகிச்சை

சீழை உண்டாக்குபவையும் நியூட்ரோபில்களே என்பதால் இந்நோயாளிகளில் காய்ச்சலைத் தவிர வேறு அறிகுறி தோன்றாமல் போகலாம். குருதிச் சிறுதட்டுகளும் குறைந்திருப்பதால் திசுத்துண்டு எடுத்துச் சோதிப்பது ஆபத்தானது. ஆகவே நுண்ணுயிர் எதிர்ப்பிகள் கொடுத்தும் 4 முதல் 7 நாட்களுக்குக் காய்ச்சல் தணியாவிடில், உறுதியான சான்று கிடைக்கும் முன்பே பூஞ்சை எதிர்ப்பு மருந்து தொடங்கப்படுவதுண்டு. சி.டி. படமும், ஆஸ்பெர்ஜில்லஸ் வெளியிடும் கேலக்டோமன்னான் என்னும் பொருளுக்கான குருதிச் சோதனையும் ஊகத்திற்குத் துணை செய்கின்றன.

1950களில் வெனிசுவேலா நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து பெறப்பட்ட ஆம்போடெரிசின் பி, பூஞ்சையின் செல்சவ்விலுள்ள எர்கோஸ்டெராலைப் பற்றிக்கொள்கிறது. மனித செல்களிலுள்ள கொலஸ்ட்ரால் இதனை ஒத்திருப்பதால் சிறுநீரகமும் பாதிக்கப்படுகிறது. கொழுப்புக் குமிழிகளில் அடைக்கப்பட்ட லிப்போசோம் வடிவம் இப்பாதிப்பைக் குறைக்கிறது. ஆனால் விலை மிக அதிகம். 2021 மே மாதத்தில் இந்தியா முழுவதும் இதற்குத் தட்டுப்பாடு நிலவியது.

ஆஸ்பெர்ஜில்லஸ் தொற்றில் வொரிகோனசோல் மேலானது என 2002 இல் வெளியான ஓர் ஒப்பாய்வு காட்டியது. 12 வாரங்களின் பின் இம்மருந்து பெற்றோரில் 71 விழுக்காட்டினரும், ஆம்போடெரிசின் பெற்றோரில் 58 விழுக்காட்டினரும் உயிருடன் இருந்தனர். ஆனால் இம்மருந்து மியூக்கரைக் கட்டுப்படுத்தாது. கேலக்டோமன்னான் சோதனையும் மியூக்கரைக் காட்டாது. எனவே பூஞ்சையின் வகையைத் தவறாக ஊகித்தால், மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போதே நோய் முற்றும்.

இந்தியாவில் காசநோய் இன்னொரு சிக்கல். நுரையீரல் படத்தில் இரண்டும் சில வேளைகளில் ஒன்றுபோலத் தோன்றும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் வொரிகோனசோலின் குருதி அளவை வெகுவாகக் குறைத்துவிடுவதால் இவற்றைச் சேர்த்துக் கொடுக்கக்கூடாது. மறுபுறம், குருதிப் புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டினின் நரம்பு நச்சுத்தன்மையை வொரிகோனசோல் கூட்டுகிறது.

தடுப்பு

1986 முதல் எலும்பு மச்சை மாற்றம் செய்துவரும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற மையங்களில், தொற்று வருமுன் காப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. கடும் மைலாய்டு வகையில் பொசகோனசோல் தடுப்பு மருந்தாகப் பயன்படுவதை 2007 இல் வெளியான ஆய்வு நிறுவியது. திருவண்ணாமலை, திருவில்லிபுத்தூர் போன்ற வேளாண் பகுதிகளுக்குத் திரும்பும் நோயாளிகள், வெள்ளணுக்கள் மீளும்வரை வைக்கோற்போர், எருக்குழி, கட்டட வேலை நடக்கும் இடம் ஆகியவற்றை அணுகாதிருத்தல் நன்று. ஒருமுறை பூஞ்சைத் தொற்று கண்டவருக்கு அடுத்த சுற்று வேதிச்சிகிச்சை, பூஞ்சை எதிர்ப்பு மருந்தின் காப்புடனேயே தரப்படுகிறது.