விற்றவருக்கு உரிமை எதுவரை?

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரி, பெற்றோல், டீசல் எல்லாம் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. எமது பெற்றோர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலியில் செய்தி கேட்டார்கள். பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இயந்திரத்தைத் தொடக்குவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். அந்தக் காரைச் செய்த கொம்பனியிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. வாங்கிய பொருள் வாங்கியவருடையது, அதைக் கழற்றலாம், பூட்டலாம், மாற்றலாம் என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த எமது குடும்பங்களுக்கு இங்கே வேறொரு அனுபவம். வேறு கடையில் மை வாங்கிப் போட்டால் பிறிண்டர் வேலை செய்ய மறுக்கிறது. கைத்தொலைபேசியின் பற்றரியை நாமே மாற்ற முடியாதபடி பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். சலவை இயந்திரம் நின்றுவிட்டால், திருத்துகிற காசுக்குப் புதிது வாங்கலாம் என்று கடைக்காரரே சொல்கிறார். வாடகையும் காப்புறுதியும் கட்டிய பின் கையில் மிஞ்சுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் இப்படிப் போகிறது. அப்படியானால் காசு கொடுத்து வாங்கிய பொருளில் விற்றவருக்கு இன்னும் என்ன உரிமை இருக்கிறது?

நான் சட்டம் படித்தவன் அல்லன். ஊரில் பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுவிட்டது. ஃப்ரீமான்டில் ஒரு தொழிற்சாலையில் மின்னணுப் பலகைகள் பூட்டுகிறேன். ஆனால் இந்த ஊரில் பேற்றன்ற் என்ற சொல்லைக் கேட்காமல் இருக்க முடியாது. சாப்பாட்டு மேசையில்கூட அதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆகவே தேடி வாசித்தேன். புரிந்துகொண்டதை எம்மவர்களுக்காக எழுதுகிறேன்.

பேற்றன்ற் என்பது என்ன?

எமது நாட்டில் அதை ஆக்கவுரிமை என்பார்கள். அது ஒரு கொடுக்கல் வாங்கல். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதை எப்படிச் செய்வது என்று ஒளிக்காமல் அரசாங்கத்திடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக, குறிப்பிட்ட காலத்துக்கு மற்றவர்கள் அதைச் செய்து விற்பதைத் தடுக்கும் உரிமை அவருக்குக் கிடைக்கும். அமெரிக்காவில் இதற்கான முதற் சட்டம் 1790இல் வந்தது. இன்று பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்திலும் 20 ஆண்டுகளே. காலம் முடிந்ததும் அந்த அறிவு எல்லோருக்கும் பொது.

இதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. மூளையைக் கசக்கி ஒன்றைச் செய்தவருக்குப் பலன் கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த உரிமைக்கு வேலி உண்டு. கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும் என்பது ஒரு வேலி. அதைத் தாண்டிப் போன கதை எங்கள் குசினியிலேயே இருக்கிறது.

1995 மார்ச்சில், காயத்தை ஆற்றுவதற்கு மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்கா பேற்றன்ற் கொடுத்தது. பெற்றது மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நிலையம். இலக்கம் 5,401,504. காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டாத அம்மம்மா எமக்குள் இருக்கிறாரா? இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் 1996இல் ஆட்சேபித்தது. அம்மம்மா செய்தார் என்று சொன்னால் மட்டும் அங்கே எடுபடாது. எழுத்திலே ஆதாரம் வேண்டும். பழைய வைத்திய நூல்களையும், 1953இல் இந்திய மருத்துவச் சஞ்சிகையில் வந்த கட்டுரையையும் காட்டினார்கள். 1997இல் பேற்றன்ற் இரத்தாயிற்று. இதற்குப் பின் 2001இல் பாரம்பரிய அறிவுக்கான மின்னூலகம் ஒன்றை இந்தியா தொடக்கியது. எங்கள் சித்த மருத்துவ நூல்களில் உள்ளவையும் அதில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் பதியப்பட்டிருக்கின்றன. பேற்றன்ற் கொடுக்கும் அதிகாரி அதைப் பார்த்தால், இது புதியதா பழையதா என்று தெரியும்.

விற்றதும் முடியும் உரிமை

இன்னொரு வேலி வீட்டுக்கு வீடு தேவைப்படுவது. பேற்றன்ற் உள்ள பொருளை ஒருமுறை விற்றுவிட்டால், அந்தப் பொருளின் மீது கொம்பனிக்கு இருந்த பேற்றன்ற் உரிமை அத்தோடு முடிந்துவிடுகிறது. இதை 2017 மே 30ஆந் திகதி அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம் ஐயத்துக்கு இடமில்லாமல் சொன்னது.

லெக்ஸ்மார்க் என்பது பிறிண்டர் செய்யும் பெரிய கொம்பனி. மைக்குடுவையை முழு விலைக்கும் விற்றது. விலை குறைத்தும் விற்றது. குறைந்த விலைக்கு வாங்கினால் ஒருமுறை மட்டுமே பாவிக்க வேண்டும், பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்று நிபந்தனை. மீண்டும் நிரப்பினால் வேலை செய்யாதபடி உள்ளே ஒரு சில்லும் வைத்தது. மேற்கு வெர்ஜீனியாவில் இம்பிரெஷன் புறொடக்ற்ஸ் என்ற சிறிய கொம்பனி, நிரப்பித் திருத்திய குடுவைகளை வாங்கி விற்றது. பேற்றன்றை மீறினாய் என்று லெக்ஸ்மார்க் வழக்குப் போட்டது. சிறிய கொம்பனி விட்டுக்கொடுக்கவில்லை. அதியுயர் நீதிமன்றம் வரை போய் வென்றது. பழைய காரைத் திருத்தி விற்கும் கடையைத் தலைமை நீதியரசர் உதாரணம் காட்டினார். ஒவ்வோர் உதிரிப்பாகத்தைச் செய்த கொம்பனியும் விற்ற பிறகும் உரிமை கேட்டால் அந்தக் கடை எப்படி நடக்கும்? வெளிநாட்டில் விற்ற பொருளுக்கும் இதே விதிதான் என்று தீர்ப்பு வந்தது.

புத்தகத்துக்கும் இப்படித்தான். தாய்லாந்திலிருந்து படிக்க வந்த கேர்ட்செங் என்ற மாணவர், ஊரில் மலிவாக விற்கும் பாடப்புத்தகங்களை உறவினர் மூலம் எடுப்பித்து இங்கே விற்றார். வைலி என்ற பெரும் பதிப்பகம் பதிப்புரிமையைக் காட்டி வழக்குப் போட்டது. 2013 மார்ச்சில் அதியுயர் நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றது. சென்னையில் மலிவாக வாங்கிய அசல் பாடப்புத்தகத்தைப் பிள்ளை படித்து முடித்த பின் இங்கே விற்கலாமா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

பூட்டு இடம் மாறியது

சட்டத்தில் தோற்றால் கொம்பனிகள் சும்மா இருக்குமா? காகிதத்தில் போட்டிருந்த பூட்டை மென்பொருளுக்குள் போட்டார்கள். 2016 செப்ரெம்பரில், ஃப்ரீமான்டிலிருந்து வளைகுடாவைத் தாண்டினால் வரும் பாலோ அல்ரோவில் இருக்கும் எச்பி கொம்பனியின் சில பிறிண்டர்கள், முதல்நாள் வரை ஏற்றுக்கொண்ட பிற கொம்பனி மைக்குடுவைகளைத் திடீரென மறுத்தன. எதிர்ப்புக் கிளம்பியதும் கொம்பனி மன்னிப்புக் கேட்டு, பழைய நிலைக்கு மாற்றும் மென்பொருளைக் கொடுத்தது.

இப்படியான பூட்டை உடைப்பதே குற்றமாகலாம். அதற்கு 1998இல் ஒரு சட்டம் செய்திருக்கிறார்கள். ஆனால் அதிலும் சனங்கள் வாசல் திறந்திருக்கிறார்கள். 2013 ஜனவரியில் கைத்தொலைபேசியை அனுமதியின்றி வேறு கொம்பனிக்கு மாற்றத் திறப்பது சட்டவிரோதமானது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு மனுக் கொடுத்தார்கள். 2014 ஓகஸ்டில் அதை மீண்டும் அனுமதித்துச் சட்டம் வந்தது. விவசாயிகள் தங்கள் ட்ரக்டரைத் திருத்துவதற்காக மென்பொருளைத் திறக்க 2015இல் விலக்குக் கிடைத்தது. ட்ரக்டர் திருத்தும் கருவிகளை முழுமையாகக் கொடுக்கவில்லை என்று 2025 ஜனவரியில் அரசாங்கத்தின் வர்த்தக ஆணைக்குழு ஜோன் டியர் கொம்பனி மீது வழக்கே தொடர்ந்தது.

கொம்பனிகள் எல்லாம் கெட்டவை என்று சொல்ல வரவில்லை. எமது ஊரில் கார் செய்யும் ரெஸ்லா, நல்லெண்ணத்தோடு தன் பேற்றன்றுகளைப் பயன்படுத்துவோர் மீது வழக்குத் தொடர மாட்டோம் என்று 2014 ஜூனில் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் கொம்பனி தானாகச் சொல்லும் வாக்குறுதிக்கு எது நல்லெண்ணம் என்பதை அந்தக் கொம்பனியே எழுதுகிறது. சட்டம் தரும் உரிமையை நாம் கேட்டு வாங்கலாம்.

தொழிலாளியின் மூளை யாருடையது?

வேலைக்குச் சேரும்போது ஒரு கட்டுத் தாள்களை நீட்டுவார்கள். நீ கண்டுபிடிப்பதெல்லாம் கொம்பனிக்கே சொந்தம் என்று அதற்குள் ஒரு பந்தி இருக்கக்கூடும். இதற்கும் கலிபோர்னியாவில் எல்லை உண்டு. தொழிற் சட்டத்தின் 2870ஆம் பிரிவின்படி, உமது சொந்த நேரத்தில், கொம்பனியின் கருவி, பொருள், இரகசியத் தகவல் எதையும் தொடாமல் செய்தது உமக்கே சொந்தம். ஆனால் அது கொம்பனியின் தொழிலோடோ ஆராய்ச்சியோடோ தொடர்புடையதாகவோ, அங்கே நீர் செய்யும் வேலையிலிருந்து பிறந்ததாகவோ இருக்கக் கூடாது. இதை எழுத்தில் அறிவிப்பதும் முதலாளியின் கடமை.

முன்பு நான் வேலை செய்த ஓரிடத்தில் எம்மவர் ஒருவர் இருந்தார். ஊரில் தச்சு வேலை செய்தவர். பலகையை அசையாமல் பிடித்துத் திருகாணி முறுக்க, கழிவுத் துண்டுகளைக் கொண்டு ஒரு தாங்கி செய்தார். வேலை வேகமாயிற்று. சில மாதங்களில் அதே மாதிரித் தாங்கி எல்லா வரிசைக்கும் வந்தது. அவருக்குக் கிடைத்தது ஒரு பாராட்டுத் தாள். வேலை நேரத்தில், கொம்பனிப் பொருளில் செய்ததால் சட்டம் கொம்பனியின் பக்கம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. சட்டப்படி சரியானது எல்லாம் நியாயம் ஆகிவிடாது. ஆனாலும் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தால், வீட்டில் எதைச் செய்வது, வேலையில் எதைச் செய்வது என்று அவர் யோசித்திருப்பார்.

எமக்கு உள்ள உரிமைகள்

இனி, புதிதாக வந்த குடும்பங்கள் வெட்டி வைத்துக்கொள்ள வேண்டியவை.

திருத்தும் உரிமை: 2023 ஒக்ரோபரில் கையெழுத்தாகி 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள கலிபோர்னியச் சட்டம். கைத்தொலைபேசி, கொம்பியூட்டர், தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் போன்றவற்றின் உதிரிப்பாகம், கருவி, விளக்கக் கையேடு ஆகியவற்றைச் சொந்தக்காரருக்கும் வெளித் திருத்துநருக்கும் நியாயமான விலையில் கொடுக்க வேண்டும். மொத்த விற்பனை விலை 100 டொலரும் அதற்கு மேலுமான பொருளுக்கு, அந்த மாதிரி கடைசியாகச் செய்யப்பட்டதிலிருந்து 7 ஆண்டுகள். 50 டொலரிலிருந்து 100 டொலருக்கு உட்பட்டதற்கு 3 ஆண்டுகள். 2021 ஜூலை முதல் வந்த மாதிரிகளுக்கே இது பொருந்தும். விளையாட்டுக் கொன்சோலும் காரும் இதில் சேராது.

உத்தரவாதம்: வெளிக்கடையில் திருத்தினாய், வேறு கொம்பனிப் பாகம் போட்டாய் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை இரத்துச் செய்ய முடியாது. இது 1975ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம். உத்தரவாதக் காலத்தில் நியாயமான தடவைகள் திருத்தியும் சரிவராத புதுக் காருக்கு, மாற்றுக் காரோ காசோ தர வேண்டும் என்பது கலிபோர்னியச் சட்டம்.

மொழி: ஸ்பானிஷ், சீனம், தகாலொக், வியட்நாமியம், கொரியன் ஆகிய 5 மொழிகளில் பேசிப் பேரம் முடித்தால், பல வகை ஒப்பந்தங்களின் மொழிபெயர்ப்பைக் கையெழுத்துக்கு முன் தர வேண்டும். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. விற்பவர் தமிழராக இருந்து தமிழிலேயே இனிக்க இனிக்கப் பேசினாலும், சட்டப்படி நீங்கள் கையெழுத்து வைப்பது ஆங்கிலத் தாளில். வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள். தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அங்கே வாங்காதீர்கள்.

சிறு வழக்கு நீதிமன்றம்: தனி ஆள் 12,500 டொலர் வரை கேட்கலாம். கட்டணம் பொதுவாக 30 முதல் 75 டொலர். வசதியில்லாதவர் விலக்குக் கேட்கலாம். இரு பக்கத்துக்கும் சட்டத்தரணி வந்து வாதாட முடியாது. எனவே பெரிய கொம்பனியும் ஒரு ஆளை அனுப்பி உங்களைப் போலவே நின்று பேச வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள்.

கடைசியாக, எம்மவரின் பெரிய பயம். “வந்த நாட்டில் ஏன் வில்லங்கம்? எங்கட கேஸ் முடியட்டும்” என்று எத்தனையோ பேர் ஏமாந்த காசை விட்டுவிடுகிறார்கள். கலிபோர்னியாவின் குடியியற் சட்டம் 3339ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: பாவனையாளர் பாதுகாப்பு, தொழில், வீட்டு வாடகை ஆகியவை பற்றிய மாநிலச் சட்டங்களின்படி யார் பொறுப்பு என்று தீர்மானிக்கும்போது, முறைப்பாட்டாளரின் குடிவரவு நிலை சம்பந்தமற்றது. அகதி என்பதற்காக உங்கள் பற்றுச்சீட்டு செல்லாததாகிவிடாது.

ஆகவே பற்றுச்சீட்டுகளை ஒரு பழைய பிஸ்கற் பேணியிலாவது போட்டு வையுங்கள். எறிவதற்கு முன் திருத்த முடியுமா என்று கேளுங்கள். எமக்குள்ளேயே வானொலி, கார், தையல் இயந்திரம் திருத்தத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்கள் ஓரிடத்தில் கூடினால், எத்தனை வீட்டுப் பொருட்கள் குப்பைக்குப் போகாமல் தப்பும்! இடம் ஒழுங்கு செய்ய முன்வருபவர்கள் இச்சஞ்சிகைக்கு எழுதுங்கள். திருகாணி முறுக்கியோடு நானும் வருகிறேன்.

— ஒரு தொழிலாளி, ஃப்ரீமான்ட்