பின்வளவில் டெக் போடுமுன்: நாற்பது பேரைத் தாங்குமா?

விக்டோரியா தின நீண்ட வார இறுதி வந்துவிட்டால் ஒன்ராறியோவில் நம்மவர் வீடுகளின் பின்வளவுகள் களைகட்டத் தொடங்கிவிடும். பிள்ளையின் பிறந்தநாள், அரங்கேற்றம் முடிந்த விருந்து, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மம்மாவைப் பார்க்க வரும் சொந்தபந்தம் எனச் செப்ரெம்பர் வரை ஏதாவது நடந்துகொண்டேயிருக்கும். டெக் ஒன்று போட வேண்டும், அல்லது இருக்கிற டெக்கைப் பெருப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கும் வருவது இந்தக் காலத்தில்தான். பேச்சும் உடனே பலகையின் நிறத்திலும், கண்ணாடிக் காப்பிலும், சதுர அடிக்கு எவ்வளவு என்பதிலும் தொடங்கும்.

ஆனால் ஒரு டெக் நல்லதா கெட்டதா என்பதை முடிவுசெய்வது பலகை அல்ல. பலகைக்குக் கீழே, யார் கண்ணுக்கும் தெரியாமல் இருக்கும் தூணும், அத்திவாரமும், இணைப்புகளும்தான். ஊரில் முற்றத்தைக் கூட்டிப் பந்தல் போட்டால் நூறு பேர் வந்தாலும் கவலையில்லை. பாரத்தைச் சுமப்பது நிலம். டெக்கில் வந்து நிற்கும் ஒவ்வொருவரும் அந்த மரச்சட்டங்களுக்கு ஒரு பாரம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துத் திட்டமிட்டால் மற்றதெல்லாம் ஒழுங்காக வரும்.

முதலில் ஒரு கணக்கு

ஒன்ராறியோவில் வீட்டு டெக் ஒன்று சதுர அடிக்குக் குறைந்தது 40 இறாத்தல் பாரத்தைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும். பனி அதிகம் பெய்யும் இடங்களில் பனிப்பாரம் இதைவிடக் கூடினால் அந்தக் கூடிய அளவையே எடுக்க வேண்டும்.

12 அடிக்கு 16 அடி டெக் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 192 சதுர அடி. அது தாங்க வேண்டிய பாரம் 7,680 இறாத்தல். ஓர் ஆளுக்குச் சராசரியாக 160 இறாத்தல் என்றால் 48 பேர். அதாவது, ஆளுக்கு இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் நெருங்கி நின்றால், விதிப்படி கட்டிய டெக் அதன் வடிவமைப்பு அளவை எட்டிவிடுகிறது. கேக் வெட்டும் நேரத்தில் எங்கள் வீடுகளில் நடப்பது இதுதானே! இந்த நாட்டுக் குடும்பம் ஒன்று வருடத்தில் ஒருநாள்கூட எட்டாத பாரத்தை நாங்கள் ஒரு கோடையில் மூன்று நான்கு தடவை ஏற்றுகிறோம். ஆகவே "எல்லாரும் இப்படித்தான் கட்டுகினம், ஒன்றும் நடக்காது" என்ற சமாதானம் எங்களுக்குப் பொருந்தாது.

2003 ஜூன் 29 அன்று சிகாகோவில் ஒரு விருந்தின்போது கட்டடத்தின் பின்புற மர விறாந்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து விழுந்ததில் 13 பேர் உயிரிழந்தார்கள். கூடி நிற்கும் ஆட்களின் பாரம் என்ன செய்யும் என்பதற்கு அந்தச் சம்பவத்தை இன்றும் கட்டடத் துறையினர் எடுத்துக்காட்டுவார்கள்.

வீட்டோடு பொருத்துவதா, தனியே நிறுத்துவதா?

டெக்குகள் உடைந்து விழும்போது பெரும்பாலும் நடு முறிவதில்லை. வீட்டோடு பொருத்திய இடமே கழன்றுவருகிறது. வீட்டுச் சுவரில் அறையும் நீண்ட பலகையை லெட்ஜர் என்பார்கள். அதை ஆணியால் மட்டும் அடித்திருந்தால் காலப்போக்கில் இழுபட்டுக் கழன்றுவிடும். போல்ற் அல்லது அதற்கென்றே உள்ள கட்டுமானத் திருகாணி வேண்டும். மேலே தகடு வைத்து மழைநீர் சுவருக்குள் இறங்காமல் தடுக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் வீட்டு மரமே உக்கிப்போகும்.

இன்னொரு விடயம் முக்கியமானது. ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ப்டன், ஏஜக்ஸ் பகுதிகளில் நம்மவர் வாங்கும் பல வீடுகளின் வெளியே தெரியும் செங்கல், வீட்டைத் தாங்கும் சுவர் அல்ல. மரச்சட்ட வீட்டுக்குப் போர்த்திய ஒற்றை வரிச் செங்கல் அது. உள்ளே ஓர் இடைவெளி இருக்கும். அந்தச் செங்கலில் டெக்கைத் தொங்கவிடக் கூடாது. இப்படிப்பட்ட வீடுகளுக்குச் சிறந்த வழி, வீட்டுப் பக்கமும் தனித் தூண்கள் வைத்து டெக்கைத் தன் காலிலேயே நிற்கவிடுவது. இரண்டு மூன்று தூண்களுக்குக் கூடுதலாகச் செலவாகும். ஆனால் வீட்டுச் சுவரில் துளையே போடத் தேவையில்லை.

நான்கடிக் குழி

நிலத்திலுள்ள ஈரம் உறையும்போது விரிகிறது, மண் மேலெழும்புகிறது. இளகும்போது மண் இறங்குகிறது. ஆழமில்லாத தூணை இந்த அசைவு வருடாவருடம் சிறிது சிறிதாகத் தூக்கிச் சாய்த்துவிடும். ரொறன்ரோப் பகுதியில் அத்திவாரம் குறைந்தது 1.2 மீற்றர், அதாவது நான்கடி ஆழத்துக்குப் போக வேண்டும் என்பது இதனால்தான். வடக்கே போகப்போக ஆழம் கூடும். அட்டைக் குழாய் இறக்கிக் கொங்கிறீற் ஊற்றுவது வழமையான முறை. இயந்திரத்தால் திருகி இறக்கும் இரும்புத் தூண்களும் இப்போது பரவலாகப் பாவனையில் உள்ளன.

புதிய குடியிருப்புகளில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பேஸ்மென்ற் தோண்டியபின் சுவரையொட்டி நிரப்பிய மண் இறுகப் பல வருடங்கள் எடுக்கும். அந்த மண்ணில் வைத்த தூண் நான்கடி ஆழத்திலும் இறங்கலாம். தோண்டப்படாத பழைய மண்ணைத் தொடும்வரை போக வேண்டும், அல்லது தூணைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

குழி தோண்டுமுன் ஒன்ராறியோ வன் கோல் சேவையை அழைத்து, நிலத்தடியில் எரிவாயு, மின்சாரம், தொலைபேசி இணைப்புகள் எங்கே போகின்றன என்று அடையாளமிடச் செய்ய வேண்டும். இது சட்டம், வீட்டுக்காரருக்கு இலவசம்.

அனுமதி

ரொறன்ரோ மாநகரில், நிலத்திலிருந்து 60 செ.மீ.க்கு மேல், அதாவது ஏறத்தாழ 24 அங்குலத்துக்கு மேல் உயரும் டெக்குக்குக் கட்டட அனுமதி எடுக்க வேண்டும். மற்ற நகரங்களில் விதி சற்று மாறுபடும்; உங்கள் நகரசபையிடம் கேட்பதே சரி. அனுமதி தேவையில்லாத உயரமாக இருந்தாலும் வேலியிலிருந்து விடவேண்டிய தூரம் போன்ற விதிகள் பொருந்தும். கூட்டு நிர்வாகத்தில் உள்ள ரவுண்ஹவுஸ் என்றால் நிர்வாகத்தின் எழுத்துமூல சம்மதமும் வேண்டும்.

"அனுமதி எடுத்தால் சும்மா செலவு, எங்கட பெடியன் ஒருத்தன் இரண்டு நாளில் முடித்துத் தருவான்" என்ற பேச்சு நம்மிடையே புதிதல்ல. அந்தப் பெடியன் நல்ல வேலைகாரனாகவே இருக்கலாம். ஆனால் அனுமதி எடுத்தால் பரிசோதகர் ஒருவர் கொங்கிறீற் ஊற்றுமுன் குழியைப் பார்ப்பார். பலகை மூடுமுன் சட்டங்களைப் பார்ப்பார். பிறகு யாரும் பார்க்கமுடியாத இரண்டு இடங்களை, பார்க்கக்கூடிய நேரத்தில் பார்க்கிறார். அந்தக் கட்டணம் இதற்கே பெறுமதியானது. அனுமதியில்லாத டெக் வீட்டை விற்கும்போதும், யாராவது விழுந்து காப்புறுதியிடம் போகும்போதும் தலையிடியாக வரும்.

பேஸ்மென்ற் யன்னலை மறவாதீர்கள்

பேஸ்மென்றை வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகளில் டெக்கின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது முதலில் அந்த யன்னல்தான். டெக் அதை மூடிவிட்டால் கீழே வெளிச்சம் போய்விடும். அதைவிட முக்கியம், தீப்பிடித்தால் கீழே படுத்திருப்பவர் வெளியேறும் வழி அதுவாக இருக்கலாம். அந்த வழியை அடைக்கக் கூடாது. குளிரூட்டி, உடுப்பு உலர்த்தியின் காற்றுப்போக்கி, எரிவாயு மானி, தண்ணீர்க் குழாய் ஆகியவை எங்கே இருக்கின்றன என்பதையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

யார் யார் பாவிக்கப்போகிறார்கள்?

அளவைக் கடதாசியில் முடிவுசெய்யாதீர்கள். புல்லில் நாலு முளை அடித்துக் கயிறு கட்டி, மேசையையும் கதிரைகளையும் உள்ளே வைத்து, எல்லோரும் இருந்து எழும்பிப் பாருங்கள். இருப்பவருக்குப் பின்னால் ஒருவர் தட்டோடு நடந்துபோக மூன்றடியாவது வேண்டும். ஊரில் வீடு கட்ட நிலையம் எடுப்பதைப்போல, இந்த ஒரு மணித்தியாலம் பிறகு பல ஆயிரம் டொலர்களை மிச்சப்படுத்தும்.

முதியவர்கள் உள்ள வீட்டில் படிகள்தான் டெக்கின் முகம். விதி ஒரு படி 20 செ.மீ. வரை உயர இடம்கொடுக்கிறது. முழங்கால் நோவுள்ளவர்களுக்கு 15 செ.மீ. எவ்வளவோ ஆறுதல். ஒரு படி கூடும், அவ்வளவுதான். மூன்று எழுச்சிகளுக்கு மேல் இருந்தால் கைபிடி கட்டாயம். இரண்டே என்றாலும் போடுங்கள். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டுமென்றால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்று கணக்கிடுங்கள். இப்போது தேவையில்லாவிட்டாலும் அதற்கான பக்கத்தை வெறுமையாக விட்டுவைப்பது புத்தி.

டெக் 60 செ.மீ.க்கு மேல் உயர்ந்தால் சுற்றிக் காப்பு வேண்டும். அதன் உயரம் 90 செ.மீ.க்குக் குறையக் கூடாது. டெக்கே 180 செ.மீ.க்கு மேல் உயர்ந்திருந்தால், வோக்கவுட் பேஸ்மென்ற் வீடுகளில் இருப்பதுபோல, காப்பு 107 செ.மீ. இருக்க வேண்டும். இடைவெளிகளுக்குள் 10 செ.மீ. பந்து புகக் கூடாது. குழந்தையின் தலை அகப்படாமல் இருக்கத்தான் இந்த அளவு. கிடையாகப் போகும் கம்பிகள் பார்க்க அழகு. ஆனால் சின்னப்பிள்ளைகளுக்கு அவை ஏணி. செங்குத்துக் கம்பிகளே நல்லது.

சமையலை எங்கே வைப்பது என்பதையும் இப்போதே யோசியுங்கள். மீன் பொரிக்கவும் வடை சுடவும் வெளி அடுப்பு வைப்பது எங்கள் வழக்கம். கொதியெண்ணெய்த் தாச்சியை மரத்துக்கு மேல், பிள்ளைகள் ஓடும் இடத்தில் வைக்கவே கூடாது. டெக்கின் ஓரமாக நிலத்தில் சிறு கல்தளம் ஒன்று போட்டு அடுப்பை அங்கே இறக்கிவிடுங்கள். வீட்டுச் சுவரின் வைனில் உறை பாபிகியூச் சூட்டில் உருகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இனிப் பலகை

மருந்தேற்றிய மரம் மலிவு. சில வருடங்களுக்கு ஒருமுறை பூச்சு வேண்டும். சீடர் அழகு, விலை கூட, பராமரிப்பும் கூட. கொம்பசிற் பலகைக்குப் பூச்சு வேண்டாம்; ஆனால் ஜூலை வெயிலில் வெறுங்காலுக்குச் சுடும். அதற்குக் கீழே சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்றாக நெருக்கமாக வர வேண்டும்; பலகையைச் சரிவாகப் பதித்தால் 12 அங்குலம். எந்தப் பலகையானாலும் கீழ்ச்சட்டம் பெரும்பாலும் மருந்தேற்றிய மரம்தான். அந்த மருந்திலுள்ள செம்பு சாதாரண ஆணியை அரித்துவிடும் என்பதால் நன்றாக நாகம் பூசிய அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளே வேண்டும். பணம் இறுக்கமாக இருந்தால் பலகையில் குறையுங்கள். பலகையைப் பத்து வருடத்தில் மாற்றலாம். அத்திவாரத்தை மாற்ற முடியாது.

வேலையைக் கொடுக்குமுன் மூன்று பேரிடம் எழுத்தில் விலை கேளுங்கள். குழியின் ஆழம், தூண்களின் எண்ணிக்கை, சட்டங்களின் அளவும் இடைவெளியும், அனுமதி எடுப்பவர் யார் என்பவை அதில் இருக்கட்டும். தெரிந்தவர், சொந்தக்காரர் என்றாலும் எழுதிக்கொள்ளுங்கள். உறவைக் காப்பதும் அந்தத் தாள்தான். கடைசிக் கொடுப்பனவை இறுதிப் பரிசோதனை முடியும்வரை வைத்திருங்கள். அடுத்த கோடைக்கு வேண்டுமென்றால் மாசி, பங்குனியிலேயே வரைபடத்தைத் தொடங்குவது நல்லது.

வீடு வாங்கும்போதே டெக்கும் சேர்ந்து வந்தவர்கள் இந்த வார இறுதியில் ஒரு காரியம் செய்யலாம். ரோச் லைற்றோடு கீழே குனிந்து பாருங்கள். வீட்டோடு பொருத்திய பலகையில் போல்ற் இருக்கிறதா, வெறும் ஆணியா? தூணின் அடியில் ஒரு திருகாணிச் செலுத்தியால் குத்தினால் மரம் இறுக்கமாக நிற்கிறதா, புதைகிறதா? காப்பைப் பிடித்து ஆட்டினால் அசைகிறதா? இவற்றில் ஒன்றாவது பிழைத்தால், திருத்தும்வரை மேசையையும் கதிரையையும் புல்லுக்கு இறக்கிவிடுங்கள். விருந்து அங்கேயும் நன்றாகவே நடக்கும்.