சமரசம் தீர்ப்பாணையாகும் விதம்

உரிமையியல் வழக்கில் வாதியும் பிரதிவாதியும் தமக்குள் இணக்கம் கண்டாலும், அது சட்டப்படி நிலைபெற வேண்டுமெனில் எழுத்தில் அமைந்து, தரப்பினரின் கையொப்பத்துடன் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும் என்பது இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908-இன் கட்டளை 23, விதி 3 வகுக்கும் நெறியாகும். எழுத்தும் கையொப்பமும் தேவை என்ற நிபந்தனை 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. வாய்மொழியாகச் சமரசம் நடந்ததா இல்லையா என்பதே புதிய வழக்காகிவிடாமல் அது காக்கிறது.

தரப்பினர் இணைந்து தாக்கல் செய்யும் இவ்வாவணம் சமரச மனு எனப்படும். உடன்பாடு சட்டத்துக்கு உட்பட்டதுதானா என்று ஆராய்ந்து நிறைவடைந்த பின், நீதிபதி அதன்படி வழங்குவது சமரசத் தீர்ப்பாணை. ஒப்புதலால் அமைந்த தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு இல்லை என்று பிரிவு 96(3) கூறுகிறது. சமரசம் சட்டப்படி செல்லாதது என்ற காரணத்தைக் காட்டித் தனி வழக்குத் தொடுப்பதை விதி 3அ தடுப்பதால், குறை கூறுபவர் பெரும்பாலும் தீர்ப்பாணை வழங்கிய அதே நீதிமன்றத்தையே நாட நேரிடுகிறது.

ஆகவே, மனுவின் ஒவ்வொரு வரியும் பிறர் விளக்கம் இல்லாமலே நிறைவேற்றத் தக்கதாக இருக்க வேண்டும். பாகப்பிரிவினை வழக்கில் ‘கிழக்குப் பகுதி மூத்தவருக்கு’ என்று மட்டும் எழுதினால், கிணறும் நடைபாதையும் யாருக்கு என்ற சச்சரவு மீண்டும் தலைதூக்கும். சர்வே எண், நான்கெல்லை, நீள அகலம் அடங்கிய சொத்து விவரத்தை இணைத்து, வரைபடத்தில் பங்குகளைத் தனித்தனி நிறத்தில் காட்டி, அனைவரும் ஒப்பமிட்டிருந்தால், நீதிமன்ற அமீனா அதைக் கையில் வைத்துக்கொண்டே இடத்தை அடையாளம் கண்டு ஒப்படைக்க முடியும். பணம் தருவதாக ஒப்புக்கொள்ளும்போதும் தொகை, தவணை, கெடு, வட்டி, தவறினால் நேரும் விளைவு ஆகிய அனைத்தும் குறிக்கப்பட வேண்டும்.

மைனர் ஒருவர் தரப்பினராக இருந்தால், கட்டளை 32, விதி 7-இன்படி நீதிமன்றத்தின் முன் அனுமதி தேவை. வழக்கில் இடம்பெறாத அசையாச் சொத்து சமரசத்தில் சேர்க்கப்பட்டால், பதிவுச் சட்டத்தின் பிரிவு 17(2)(vi) கட்டாயப் பதிவிலிருந்து தரும் விலக்கு அதற்குப் பொருந்தாது. தரப்பினர் தாமாகவே வெளியில் பேசித் தீர்த்துக்கொண்டாலும் நீதிமன்றக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்று 2021-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

கையொப்பத்துக்குச் சட்டம் இத்தனை வலிமை தருவதாலேயே, அதை இடுபவர், குறிப்பாகக் குடும்பத்தாரின் வற்புறுத்தலால் தம் பங்கை விட்டுக்கொடுக்கும் நிலையிலுள்ள பெண்கள், ஒவ்வொரு நிபந்தனையும் தமக்கு விளங்கும் தமிழில் வாசித்துக் காட்டப்பட்ட பின்னரே ஒப்பமிட வேண்டும். அதை உறுதிசெய்வது வழக்கறிஞரின் தலையாய கடமையாகும்.