துறைமுகத்தில் கூட்டு வியாபாரம்: நட்டம் யார் தலையில்?

கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகப் பக்கம் இறங்கினால் கண்ணில் படுபவை பாரந்தூக்கிகள்தான். வெள்ளவத்தைக் கடைக்கு வரும் துணி மூட்டைகளையும் அவற்றில் ஒன்றுதான் கரையிறக்குகிறது. ஆனால் அது யாருடைய முதலில் வாங்கப்பட்டது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

எல்லாம் அரசாங்கத்தின் சொத்தல்ல. 1999இல் மகாராணி எலிசபெத் இறங்குதுறை, ஜோன் கீல்ஸ் பங்காளியாக உள்ள 'சவுத் ஏசியா கேட்வே டேர்மினல்ஸ்' கம்பனியிடம் 30 வருடங்களுக்குக் கையளிக்கப்பட்டது. கட்டி, நடத்தி, தவணை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. துறைமுக அதிகார சபைக்கு அதில் 15 வீதப் பங்கு உண்டு.

பின்னர் துறைமுகத்தைத் தெற்கே விரிவாக்கியபோது வேலை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அலைதடுப்பு அணையில் இலாபம் கிடையாது. எந்தக் கம்பனி அதற்குப் பணம் போடும்? எனவே ஆசிய அபிவிருத்தி வங்கியிடம் 300 மில்லியன் டொலர் கடன் பெற்று அதிகார சபையே அணையைக் கட்டியது. வருமானம் தரும் முனையத்தை 85 வீதப் பங்குடன் சைனா மேர்ச்சன்ட்ஸ் கட்டி, 2013இல் திறந்தது. தவணை 35 வருடம். கப்பல் வராவிட்டால் முனைய நட்டத்தில் பெரும்பகுதி அவர்களுக்கு; அணைக் கடன் எப்படியும் நமக்கு.

அம்பாந்தோட்டையில் நடந்தது வேறு. துறைமுகம் பெரும்பாலும் கடனில் எழுந்து 2010இல் திறக்கப்பட்டது. எதிர்பார்த்த கப்பல்கள் வரவில்லை. தவணைப் பணமோ காத்திருக்கவில்லை. 2017இல் 1.12 பில்லியன் டொலருக்கு 99 வருடக் குத்தகையில் விட்ட பின்பும் அந்தக் கடன் ஒழியவில்லை. திறைசேரியின் தலையில் ஏறியது. கடை திறக்குமுன் கூட்டாளியைத் தேடுவதற்கும், கடனில் மூழ்கிய பின் தேடுவதற்கும் உள்ள வித்தியாசம் வியாபாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கிய மேற்கு முனையத்தில் அதானிக்கு 51 வீதம், ஜோன் கீல்ஸுக்கு 34, அதிகார சபைக்கு 15. அமெரிக்க அரச நிறுவனமொன்றிடம் கேட்டிருந்த 553 மில்லியன் டொலர் கடன் வேண்டாமென்று 2024 டிசம்பரில் அதானி தரப்பு விலகியபோதும், மிகுதிப் பணத்தைத் தேடும் பொறுப்பு திறைசேரிக்கு வரவில்லை.

இத்தகைய கூட்டில் ஒரு சங்கடமும் உண்டு. அதிகார சபை தனது சொந்த ஜய முனையத்தையும் நடத்துகிறது. ஒரே வாசலுக்குள் அதுவே காணிச் சொந்தக்காரர், பங்காளி, போட்டிக்காரர். எந்த முனையத்துக்குக் கப்பல் போனால் அரசுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை ஒப்பந்தங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 1999இல் எழுதிய 30 வருடக் கணக்கு 2029இல் முடிகிறது. புதுப்பிப்பதா, திருப்பி எடுப்பதா என்று பேசும் மேசையில், கூலியும் தாமதக் கட்டணமும் கட்டும் இறக்குமதியாளர்களுக்கும் ஓர் ஆசனம் கேட்க நமது வர்த்தகச் சங்கங்கள் இப்போதே எழுதலாம்.