எழுத வரும் ஆங்கிலம் பேச வராதது ஏன்?

ஒக்கலிபுரத்துத் தமிழருள் ஆங்கிலம் அறிந்தவர் பலர். அதனை அஞ்சாது பேசுவோர் சிலர். இரயில்வே எழுத்தராகிய நாமும் அப்பலருள் ஒருவரே. மெட்ரிகுலேஷன் தேறியவர், கோப்புகளை ஆங்கிலத்தில் படிப்போம், குறிப்பும் எழுதுவோம். ஆயினும் மேலதிகாரி ஒன்றைக் கேட்டுவிட்டால், விடைக்குரிய வினைச்சொல் இறந்தகாலமா நிகழ்காலமா என்று நாம் ஆராய்ந்து முடிப்பதற்குள் அவர் அடுத்த மேசைக்குச் சென்றிருப்பார்.

அலுவலகத்தில் நேரும் இக்குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். சென்ற ஆண்டு நம் மகளின் பள்ளியில் நிகழ்ந்ததைப் பொறுக்க இயலவில்லை. கணக்கில் அவளுக்குக் கவனம் இல்லை என்று பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை ஆங்கிலத்தில் கூறினார். பின்னங்கள் நடத்தப்பட்ட இரண்டு வாரமும் அவள் காய்ச்சலில் கிடந்தாள் என்பதைச் சொல்ல விரும்பினோம். வாக்கியத்தை மனத்துள் மும்முறை அமைத்தோம், மும்முறையும் அழித்தோம். இறுதியில் ‘எஸ் மேடம்’ என்று தலையசைத்துத் திரும்பினோம். “அப்பா, ஏன் சொல்லவில்லை?” என்று வழியில் மகள் கேட்டாள். அதற்குத் தமிழிலும் நம்மிடம் விடை இல்லை.

இலக்கணம் போதாமையா காரணம்? அன்று. இவ்வூருக்கு வந்த புதிதில் கன்னடத்தை எவ்வாறு கற்றோம் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இலக்கண நூல் எதுவும் வாங்கினோமில்லை. காய்கறிக்கு விலை பேசினோம். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வீட்டுக்காரரிடம் முறையிட்டோம். கருத்தெல்லாம் காரியத்தில் இருந்தது. மொழி அதன் பின்னே வந்தது. கடைக்காரர் பிழையைத் திருத்தினார், நாம் நாணவுமில்லை.

இவ்வுண்மையையே வகுப்பறையில் வைத்துச் சோதித்தவர், சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் அவர் நடத்திய முயற்சியை, ‘பெங்களூர்த் திட்டம்’ என்றே மொழியாசிரியர்கள் உலகெங்கும் வழங்குகின்றனர். நம் நகரிலுள்ள தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனமும் அதற்குத் துணை நின்றது. அவ்வகுப்புகளில் இலக்கண விதிகள் வரிசையாகக் கற்பிக்கப்படவில்லை. இரயில் கால அட்டவணையை ஆராய்தல், வரைபடத்தில் வழி காணுதல் போன்ற வேலைகளே ஆங்கிலத்தில் தரப்பட்டன. ஆசிரியர் முதலில் ஒன்றை வகுப்பாருடன் வினாவும் விடையுமாகச் செய்வார். அதைப் போன்ற மற்றொன்றை மாணவர் தாமே செய்து முடிப்பர். பொருளில் கருத்து ஊன்றியிருக்கும்போதே மொழியின் வடிவம் மனத்தில் படியும் என்பது பிரபுவின் கொள்கை. இதனை விளக்கி 1987இல் அவர் நூலும் வெளியிட்டார்.

இம்முறை எல்லா நோய்க்கும் மருந்து என்று கூற மாட்டோம். பெரெட்டா, டேவிஸ் என்னும் இருவர் திட்டத்தை மதிப்பிட்டு 1985இல் எழுதினர். முடிவுகள் பெரும்பாலும் அதற்கு ஆதரவாக இருந்தன. எனினும், வாக்கிய அமைப்பைத் தனியே சோதித்தபோது பழைய முறையில் பயின்றோரும் சிறந்து நின்றனர். ஆனால், நம்மைப் போல் இலக்கணம் பயின்றும் நா எழாதவர்க்கு வேண்டுவது பழக்கமே அன்றோ?

கால அட்டவணை நமக்கு அன்றாடக் கருவி. ஆதலின், இரவு உணவுக்குப்பின் கால்மணி நேரம் மகள் பயணியானாள். நாம் விசாரணை எழுத்தரானோம். 1964 முதல் ஓடிவரும் பிருந்தாவன் விரைவு வண்டியில் காட்பாடிக்குச் செல்ல வேண்டும். எப்போது புறப்படும், எப்போது சேரும், அதைத் தவறவிட்டால் அடுத்தது எது என்று அவள் ஆங்கிலத்தில் கேட்பாள். மறுநாள் நம் இல்லாள் மருத்துவர் ஆவார், நாம் நோயாளி. பேச்சின் இடையில் ஒருவரையொருவர் திருத்துவதில்லை என்பது விதி. முடிந்தபின், இரண்டு பிழைகளை மட்டும் எடுத்துத் திருத்தமாகச் சொல்லிப் பார்ப்போம். செலவு ஒரு காசும் இல்லை.

மூன்று திங்கள் கழித்து அடுத்த பெற்றோர் கூட்டம் வந்தது. இம்முறை வாக்கியத்தை அமைத்துப் பார்க்கவில்லை. காய்ச்சலைப் பற்றியும் பின்னங்களைப் பற்றியும் சொன்னோம். ஆசிரியை செவிமடுத்து, விட்டுப்போன பாடங்களைத் தாமே சொல்லித் தருவதாகக் கூறினார். நம் பேச்சில் நான்கு பிழைகள் இருந்தன என்று வழியில் மகள் எண்ணிச் சொன்னாள். அன்றிரவு இரண்டைத் திருத்தினோம். மற்ற இரண்டு மறுநாளைக்கு.